நாடகத்தில் தள்ளுபடியான அட்டை

கைதட்டுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பிடித்துப்போய்த் தட்டுகிறார்களா, ஒரு வழியாக முடிந்ததே என்று தட்டுகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். இந்தக் குணம் நான் போடுகிற நாடகத்தால் வந்ததில்லை, பிழைப்பால் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். நகல் எடுப்பது, மனு தட்டச்சு செய்வது, விண்ணப்பம் நிரப்பித் தருவது எல்லாம் நான்தான். அது எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கடையும் அங்கேதான் இருக்கிறது, நானும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்தக் கடையில் நாலு மாதம் உட்கார்ந்தால் போதும், பெற்ற தாயையே ஒரு முறை சரிபார்க்கத் தோன்றும். மகனின் பிறந்த தேதியை ஒரு வருடம் தள்ளி அடிக்கச் சொல்கிறவர் வருவார். செத்துப்போன அண்ணன் கையெழுத்தை என் கண்ணெதிரிலேயே போடுகிறவர் வருவார். ஒரு தாளைத் தொட்டால் ஒரிஜினலா நகலா என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். பேனா அழுத்திய இடம் விரலுக்குத் தெரியும், பழைய அட்டையின் சொரசொரப்பு தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

நாடகத்தை அந்தக் கடையில் பார்த்ததை வைத்துத்தான் செய்தேன். ஒருத்தி மட்டும் நடிப்பது. மேடை கிடையாது, விளக்கு கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மைப்பெட்டி, ஒரு ரப்பர் முத்திரை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காகிதம் கொண்டுவர வேண்டும், எதுவாக இருந்தாலும் சரி. வரிசையில் நின்று என் முன்னால் வர வேண்டும். நான் அதிகாரி. காகிதத்தை வாங்கி மூன்று கேள்வி கேட்பேன். என்ன பதில் சொன்னாலும் 'தள்ளுபடி' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தித் திருப்பித் தருவேன். எல்லோருக்கும் குத்தி முடித்ததும் எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் மனு கொடுக்க வந்தவளாக நிற்பேன். பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பேன். அதோடு நாடகம் முடிந்துவிடும்.

முத்திரை செய்கிற கடைக்காரரே என்னை நம்பவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, லெட்டர் பேடில் எழுதிக்கொண்டு வா என்றார். அலுவலகப் பெயர் வேண்டாம், சின்னம் வேண்டாம், ஒரே ஒரு சொல் போதும் என்று அரைமணி நேரம் பேசின பிறகுதான் செய்து கொடுத்தார்.

புதுச்சேரியில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் முதலில் போட்டேன். முப்பது பேர் வந்தார்கள். பஸ் டிக்கெட், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று கொண்டுவந்தார்கள். ஒரு பெண் தன் பழைய காதலன் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தள்ளுபடி விழுந்ததும் துள்ளிக் குதித்து, அதைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தாள். சென்னையிலும் அப்படித்தான் நடந்தது. தள்ளுபடி ஆனதை ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போகிற கூட்டத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

புதுச்சேரியில் இந்த மாதிரி நாடகங்களை நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளைத் தொட்டுக்கொண்டே இருப்பார். "இத கல்வராயன் மலையில போடணும். யாரோட கதையோ அவங்க முன்னாடியே போடணும். நம்ம ஆடியன்ஸ வேன்ல கூட்டிட்டு வரேன்," என்றார். நாடகத்துக்கு ஆசைப்படுகிறாரா, மலைக்காரர்கள் பின்னால் நிற்கிற புகைப்படத்துக்கு ஆசைப்படுகிறாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கும் ஆசை இருந்தது. என் கடைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பத்து நிமிடம் நிற்கவே கற்றுக்கொண்டேன். அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை வேன் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறியது. கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அங்கே டீக்கடை வைத்திருக்கிறவரிடம் முன்னமே சொல்லி அனுப்பியிருந்தோம்: சனிக்கிழமை மத்தியானம் நாடகம், வருகிறவர்கள் ஒரு காகிதம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். சமுதாயக் கூடத்துக்கு வெளியே பலாமரத்தடியில் ஊரே நின்றிருந்தது. கிட்டத்தட்ட எல்லோர் கக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. இறங்கியதும் ஒருவர் எங்கள் வேன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

டீக்கடைக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்டுங்க?"

"டிபார்ட்மென்ட்லாம் இல்லைங்க. நாடகம் போட வந்திருக்கோம்."

"நாடகம்னா மைக் செட்டு இருக்கும், சீன் கட்டுவாங்க, வேசம் இருக்கும். உங்ககிட்ட டேபிளும் ஸ்டாம்பும்தான இருக்குது?"

"இது வேற மாதிரி நாடகம்ங்க."

"வேற மாதிரின்னா?" என்று வேனைப் பார்த்தார். வேனிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "எடம் பாக்க வந்தவங்களா? ரிசார்ட்டு கட்டுறவங்களா? சொல்லிடுங்க, நாங்க ஒண்ணியும் சொல்ல மாட்டோம்."

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வேனில் வந்து பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களால் அந்த ஊருக்கு நல்லது நடந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கூடத்து வாசலில் மேசையைப் போட்டதும் நாடகம் தொடங்கியது. வேன்காரர்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். மரத்தடியில் நின்றவர்கள் ஓரடிகூட முன்னால் வரவில்லை. கவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முத்திரை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கோபம் ஏறியது. உங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன், கொஞ்சம் சிரித்தால் என்ன குறைந்துபோகும் என்று இருந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் வந்து நின்றார். ஊர்க்காரர்களில் அவர் ஒருவர்தான் வந்தார். நாற்பது வயது இருக்கும். மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்த கால், முட்டிவரை செம்மண். கவரைப் பிரித்து, மடித்த ஓர் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் வாங்கினேன். "பேரு என்ன? யாருக்கு வேணும்? உங்க மேல நம்பிக்கை வர என்ன அத்தாட்சி?" என்று மூன்று கேள்வியையும் வேகமாகக் கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். என் காது அதில் இல்லை. என் கண் மரத்தடியில் இருந்தது. தங்கள் ஊர்க்காரி வந்து நின்றதும் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தபடியே குத்தினேன். கை இறங்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது, அது பழைய அட்டையின் சொரசொரப்பு. ஆனால் இறங்கின கை இறங்கியதுதான்.

திருப்பிக் கொடுத்தேன். நாடகத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எழுந்து இந்தப் பக்கம் வந்து என் பத்து நிமிடத்தை நின்றேன். நிற்கும்போது அந்தப் பெண் சுவரோரமாக அட்டையைப் பிடித்துக்கொண்டு, மை காயாமல் இருக்கும்போதே துடைத்துவிட முடியுமா என்று முந்தானை நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. நன்றாகச் செய்கிறாரே, இதுவும் நாடகத்தில் சேர்ந்துவிட்டதே என்று நினைத்தேன். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது.

கைதட்டல் முடிந்ததும் அவர் மேசைக்கு வந்து அட்டையை விரித்து வைத்தார். அவருடைய கணவரின் சாதிச் சான்றிதழ். கையால் எழுதி, பழங்குடி என்று போட்டு, பல வருடத்துக்கு முன் கொடுத்த அட்டை. அதன் நடுவில், எழுத்துகளின் மேலேயே, ஊதா மையில் தள்ளுபடி என்று இருந்தது. ஒற்றியதில் மை இன்னும் பரவியிருந்தது.

"இது ஒரிஜினலுங்க," என்றார்.

கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருக்கிறாள். மகளுக்குச் சான்றிதழ் வாங்க அப்பாவின் அட்டையைத்தான் ஆதாரமாகக் கேட்பார்கள், அந்த வீட்டில் வேறு ஆதாரம் கிடையாது. சேர்க்கைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இவ்வளவையும் டீக்கடைக்காரர்தான் சொன்னார், சத்தம் போட்டுச் சொன்னார்.

"யாரு அனுப்புனாங்க உன்ன? மலைக்காரனுக்கு சர்ட்டிபிகேட்டு கெடைக்கக் கூடாதுன்னு கீழ எவன் சொல்லி அனுப்புனான்?"

"சத்தியமா யாரும் அனுப்பலைங்க."

"அப்ப இன்னாத்துக்கு ஸ்டாம்பு எடுத்துக்கினு வந்த?"

 ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் இரக்கமில்லை, சந்தேகம். அட்டை ஏற்கெனவே செல்லாததாக இருக்குமோ, பழியை என் தலையில் போடத்தான் நீட்டினாரோ என்று தோன்றியது. பதினொரு வருடக் கடைப் புத்தி. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது, என் முத்திரையைத் தவிர.

நாடகம் நடத்துகிறவர் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "இதுதாங்க நாடகம்! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கையில் செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

வேன் ஐந்து மணிக்குக் கிளம்பியது. கிளம்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம், "திங்கக்கெழம கடைக்கு வாங்கக்கா. நானே ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கிறேன், தப்பு என்னுதுதான்னு," என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. என் போன் நம்பரை மட்டும் டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார், என் முகத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி மாதிரி உட்கார்ந்து முத்திரை குத்தினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால், அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்தேன் என்று என் மேலேயே வழக்குப் போடலாம். வழக்கு வந்தால் அலுவலகத்துக்கு எதிரிலேயே உள்ள கடையில் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? எழுதிக் கொடுக்காவிட்டால், அட்டையில் எவனோ கைவைத்திருக்கிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர் மகளின் படிப்பு அதோடு போகும். அந்த அக்கா வராமலே இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன்.

வந்தார். திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். நகல் எடுக்க அட்டையைக் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்றார்.

"நீ ஒரு தபா வாங்குனது போதும்மா."

கடைசியில் அவரே அட்டையை மிஷின் கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். மூடியை மூட விடவில்லை. நகலில் அவருடைய நான்கு விரலும் விழுந்திருந்தன. அதையே மனுவோடு வைத்துப் பின் அடித்தேன்.

சாலையைக் கடக்கும்போது அவரிடம் சொன்னேன்: "கேட்டாங்கன்னா, நாடகம்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்கக்கா. ஆபீஸ்னு நெனச்சேன்னு சொன்னீங்கன்னா நான் உள்ள போயிடுவேன்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முடிவும் தெரியவில்லை. மகளுக்காக என்னைக் காட்டிக்கொடுத்தாலும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியும் பயமாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நான் தட்டச்சு செய்திருந்ததைப் படித்தார். மேற்படி முத்திரை எந்த அலுவலகத்தாலும் இடப்பட்டதல்ல, நாடகத்தின்போது என்னால் தவறுதலாக இடப்பட்டது என்று இருந்தது.

"ஏம்மா, எதிர் கடையில டைப் அடிக்கிற பொண்ணுதான நீ?"

"ஆமா சார்."

"நாடகம்னு எழுதிட்டா ஆச்சா? இத நான் ஒத்துக்கினா நாளைக்கு நாலு பேரு அடிச்சித் திருத்திக்கினு வந்து நாடகம்பாங்க. இன்னா நாடகம் அது? செஞ்சி காட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எதிரில் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஓர் அதிகாரியின் அறையில், அதிகாரியின் முன்னால், நான் அதிகாரியாக உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பேரு என்ன, யாருக்கு வேணும், உங்க மேல நம்பிக்கை வர என்ன அத்தாட்சி. வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கடைசிக் கேள்வியின் இழுவையை நான் இந்த மனிதரிடமிருந்துதான் எடுத்திருந்தேன். கவுண்டரில் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் படிந்தது. வாசலில் நின்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

முடித்ததும் அவர் என்னை விட்டுவிட்டு அந்த அக்காவிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. ஆபீஸ்னு நெனச்சி குடுத்தியா, நாடகம்னு தெரிஞ்சி குடுத்தியா?"

"நாடகம்னு தெரியுங்க."

 கண்காணிப்பாளர் விடவில்லை.

"தெரிஞ்சி எதுக்கு ஒரிஜினல குடுத்த?"

 அக்கா என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாலு தபா சர்ட்டிபிகேட்டு முகாமுக்கு எடுத்துக்கினு போனங்க. தூரத்துல பாத்தே அப்பால வான்னுட்டாங்க. யாரும் கையில வாங்கல. சரி, நாடகத்துலயாச்சும் ஒருத்தரு வாங்கிப் படிப்பாங்கன்னு குடுத்தேன். இந்தம்மா வாங்குனாங்க. படிக்கல."

 எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நடிப்பு என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயமும் கூடவே வந்தது.

கண்காணிப்பாளர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். என்னிடம் தராத அட்டையை அக்கா அவரிடம் தந்தார். முன்பக்கம், பின்பக்கம் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லி மனுவின் ஓரத்தில் எழுதினார். என் மேல் வழக்குப் போடவில்லை. ஆதாரத்துக்கு நான் கொண்டுபோயிருந்த முத்திரையை மட்டும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

விசாரணை எல்லாம் முடிந்து மகளுக்குச் சான்றிதழ் வந்தபோது முதல் சுற்றுச் சேர்க்கை போய்விட்டது. இரண்டாம் சுற்றில், அவள் கேட்ட ஊர் இல்லாமல் வேறொரு தூரத்து ஊரில் இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று டீக்கடைக்காரர் போனில் சொன்னார். அக்கா என்னை மன்னித்தாரா என்று கேட்டேன். "அது ஒண்ணும் சொல்லல," என்றார்.

புது முத்திரை செய்து அந்த நாடகத்தை இன்னும் போடுகிறேன். இப்போது நீட்டுகிற காகிதம் எதுவாக இருந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் குத்துகிறேன். கரண்ட் பில்லையும் படிக்கிறேன். முப்பது பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள், சிலர் பாதியில் போய்விடுகிறார்கள். நாடகம் ரொம்ப இழுக்கிறது, வேகமாகக் குத்தினால் நன்றாக இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேகமாகக் குத்தத்தான் எனக்கு முன்பே தெரியுமே.